கால் தயங்குவது ஏன்? கண்ணைக் கேளுங்கள்!

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் இருக்கிறது எடப்புளி நாடு. அடிவாரத்தில் இருந்து மலைமேல் ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே வந்தாலும் மேடு, பள்ளம், படி, வரப்பு! இங்கே நடக்கக் கால் மட்டும் போதாது. கண்ணும் வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் வயதானவர் ஒருவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்தால் என்ன ஆகும்?

நடுக்கம் மட்டுமா?

1817-ம் ஆண்டில் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதினார். மூளையில் "டோபமின்" என்ற ரசாயனப் பொருள் குறைவதால் கை நடுங்கும், நடை தளரும். இது பலருக்கும் தெரியும்.

தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கண்ணின் விழித்திரைக்கும் டோபமின் வேண்டும். அதனால் நோயாளிகள் பலருக்கு மங்கிய நிறங்களைப் பிரித்துப் பார்ப்பது கடினம். தரையும் படியும் ஒரே நிறமாக இருந்தால், படி எங்கே முடிகிறது என்று தெரியாது. பள்ளத்தின் ஆழம் பிடிபடாது.

கண் பரிசோதனையில் எழுத்துகளைச் சரியாகப் படித்துவிடுவார். ஆனால், அந்தி நேரத்தில் வாசல்படியில் நின்றுவிடுவார்! "கண் நன்றாகத்தானே இருக்கிறது? ஏன் தாத்தா பயப்படுகிறீர்கள்?" என்று வீட்டில் கேட்பார்கள். அவர் மனம் குன்றிப்போவார்.

விழுந்துவிடுவோம் என்று அஞ்சி நடப்பதைக் குறைப்பார். நடக்காத கால் பலம் இழக்கும். பலம் இழந்தால் விழும் ஆபத்து இன்னும் கூடும்!

தைரியம் திரும்புமா?

திரும்ப வழி உண்டு. தரையில் குறுக்கே கோடுகள் போட்டு, அவற்றைத் தாண்டச் சொன்னால், நின்றுபோன கால் பலருக்கு நகர்கிறது! படி ஓரத்தில் வெள்ளைக் கோடு போடலாம். இரவில் நல்ல விளக்கு வைக்கலாம். நடக்கும் வழியில் பானை, சட்டி கிடக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

மருந்தும் உண்டு. பூனைக்காலி விதையில் இருந்து "லெவோடோபா" என்ற பொருளை 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பிரித்து எடுத்தனர். 1960-களில் அதே பொருள் இந்த நோய்க்கு மருந்தாயிற்று. அதற்காக விதையை இஷ்டம்போல் தின்னக்கூடாது. டாக்டர் சொல்லும் அளவே மருந்து.

2021-ல் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. மலைவாழ் மக்களுக்கு இது பெரிய உதவி. ஆனால், வீடு தேடி வருபவர்கள் "கை நடுங்குகிறதா?" என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. "படி தெரிகிறதா? நடக்கப் பயமாக இருக்கிறதா?" என்றும் கேட்க வேண்டும்.