மாகி நாளின் ஊர்க்கூட்டம்

தை பிறக்கும் அதே நாளை ஒட்டி நேபாளத்தில் மாக மாதம் பிறக்கிறது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் அது நெய்யும், ‘சாக்கு’ என்னும் கெட்டி வெல்லப்பாகும், எள்ளுருண்டையும், அவித்த வள்ளிக்கிழங்குமாகக் குளிருக்கு இதமான மாகே சங்கராந்தி. மேற்குத் தராய்ச் சமவெளியின் தாரு மக்களுக்கோ அது ‘மாகி’, அவர்களின் புத்தாண்டு. முந்தின நாள் பன்றி அறுத்து, விடிய விடியப் பாடி, அதிகாலையில் ஆற்றில் முழுகி, பெரியவர்களிடம் ஆசி பெறுவார்கள். கட்டிக்கொடுத்த பெண்களுக்கு ‘நிஸ்ராவ்’ என்று ஒரு பங்கு எடுத்துவைப்பார்கள். படங்களில் வருவது இவைதான். ஆனால் இவற்றுக்குப் பின் வரும் ‘கோஜ்னி போஜ்னி’தான் மாகியின் உயிர் என்பேன். முதலில் குடும்பமும் பிறகு ஊரும் கூடி, போன ஆண்டை அலசி, வரும் ஆண்டின் வேலைகளைப் பேசி முடிக்கும் கூட்டம் அது. ‘பட்கர்’ எனப்படும் ஊர்த்தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் அப்போதுதான். பாசன வாய்க்காலைத் தூர்வார ஆள் திரட்டுவதும் சச்சரவுகளைத் தீர்ப்பதும் அவர் பொறுப்பு. நேபாள அரசு காக்கவேண்டியது முதலில் இந்தக் கூட்டத்தைத்தான்.

கொத்தடிமை ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்பட்டதும் இதே நாளில்தானே என்று கேட்கலாம். உண்மை. ‘கமையா’ எனப்பட்ட கொத்தடிமைக் குடும்பங்கள் கடனுக்கு ஈடாக அடுத்த ஓராண்டுக்குப் பண்ணையாரிடம் கட்டுண்டதும், சிறுமிகள் ‘கம்லரி’யாக வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டதும் மாகியில்தான். பாடல் ஒலித்த அதே வாரத்தில் பிள்ளையை அனுப்பிவைத்த தாய்மாரை மறந்துவிட்டு இந்த விழாவைப் புகழ எனக்கு மனம் வராது. ஆனால் அந்தக் கொடுமை ஊர்க்கூட்டத்தில் பிறந்ததல்ல. நிலம் பறிபோனதில் வளர்ந்தது. 1950களில் மலேரியா ஒழிப்பு தொடங்கியதும் மலைப்பகுதியினர் தராயில் குடியேறினர். பட்டா இல்லாத தாருக்கள் சொந்த மண்ணிலேயே கூலிகளானார்கள். 2000 ஜூலையில் கமையா முறையும் 2013இல் கம்லரி முறையும் ஒழிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. மாகி அதனால் அழியவில்லை. அதன் மேல் கிடந்த சுமைதான் இறங்கியது.

2017 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகள் இருக்கையில் பட்கர் எதற்கு என்பது அடுத்த கேள்வி. ஒரு வார்டுக்குள் பல ஊர்கள் அடங்கும். எந்த மடையில் மண் மேடிட்டிருக்கிறது என்பது அந்தந்த ஊருக்குத்தான் தெரியும். இன்னொரு குறை எனக்கும் உறுத்துகிறது: பட்கர் பதவி பெரும்பாலும் ஆண்களிடமே இருந்துவந்திருக்கிறது. ஆனால் அது பரம்பரைப் பட்டமல்ல, ஆண்டுக்கு ஒருமுறை ஊர் கூடிக் கொடுப்பது. அடுத்த மாகியிலேயே ஒரு பெண்ணை அந்த இடத்தில் அமர்த்த யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.