ஐந்து கினியும் 120 பவுணும்: லண்டன் ஹோட்டல்களில் நாங்கள்

கடந்த கோடையில் ரொறன்ரோவிலிருந்து சித்தியும் சித்தப்பாவும் ஒரு கலியாணத்துக்காக லண்டன் வந்திருந்தார்கள். எங்கள் வீட்டு ஹோலில் ஏற்கனவே ஜேர்மனியில் இருந்து வந்த சொந்தக்காரர் பாய் விரித்துப் படுத்திருந்தபடியால், மேற்கு லண்டனில் ஒரு ஹோட்டலில் மூன்று இரவுக்கு அறை போட்டுக் கொடுத்தேன். மலிவான இடமில்லை. கண்ணாடிக் கதவு, வாசலில் பூச்சாடி, ரிசப்ஷனில் வாசனை மெழுகுதிரி.

காலை பதினொரு மணிக்குப் போனோம். அறை மூன்று மணிக்குத்தான் என்றார்கள். அது நியாயம், ஒப்பந்தத்தில் இருக்கிறது. மூன்றாகியது, நாலாகியது. எங்களுக்குப் பிறகு பெட்டி இழுத்துக்கொண்டு வந்த இரண்டு சோடிகள் சாவி வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போனார்கள். சித்தப்பா கதிரையில் இருந்தபடியே நித்திரை. நான் எழும்பிப்போய்க் கேட்டபோதுதான் முற்பணம் கேட்டார்கள். அவர்களுடைய கனடா டெபிட் கார்ட்டை மெஷின் எடுக்கவில்லை, என்னுடைய கிரெடிட் கார்ட்டைக் கொடுத்தேன். பிறகு அந்தப் பிள்ளை ஒரு காகிதத்தை எடுத்துச் சித்தியின் கையில் கொடுத்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சத்தமாக, "அறையில் சமைக்கக் கூடாது, விளங்குதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. முன்னால் போன இரண்டு சோடிக்கும் அந்தக் காகிதம் கொடுக்கப்படவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சித்தி யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். காகிதத்தை வாங்கிக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, அதில் இருந்த ஒரு எழுத்துப் பிழையை விரலால் காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள் கணக்கு முடிக்கும்போது எல்லாம் சரி என்றார்கள். இரண்டு நாள் கழித்து என் கார்ட்டில் 120 பவுண் கழிக்கப்பட்டிருந்தது. போன் எடுத்துக் கேட்டால், "அறையில் கடும் உணவு வாசனை, விசேட துப்புரவு" என்று பதில். அவர்கள் அந்த அறையில் சாப்பிட்டது, கலியாண வீட்டில் கட்டித் தந்த இடியப்பப் பார்சல். ஒரேயொரு நாள் இரவு. அதே தளத்தில் யாரோ பெட்டி பெட்டியாகப் பீட்சா வரவழைத்துச் சாப்பிட்டதைச் சித்தப்பா கண்டிருக்கிறார். பீட்சாவுக்கு வாசனை இல்லைப்போல.

வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது: "விடுங்கோ, ஏன் கரைச்சல்." சித்திகூட, "நான் அந்தக் காசைத் தாறன், நீ அவங்களோடை மல்லுக்கட்டாதை" என்றார். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. வட்ஸ்அப் குழுவில் பத்துப் பேருக்குச் சொல்லி ஆற்றிக்கொள்வோம், கடைசியில் "வெள்ளைக்காரன் அப்பிடித்தான்" என்று முடித்துவிடுவோம். (அந்த ரிசப்ஷனில் நின்ற பிள்ளை வெள்ளைக்காரி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.) எனக்கு மட்டும் ஏன் விட மனம் வரவில்லை என்றால், ரசல் சதுக்கத்தில் எண்பது வருடத்துக்கு முன் நடந்த ஒரு சம்பவத்தை நான் வாசித்திருந்தேன். எங்கள் பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பதால் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறேன்.

லியரி கொன்ஸ்டன்டைன் என்ற பெயர் பழைய கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரியும். ட்ரினிடாட்டில் பிறந்தவர், மேற்கிந்திய அணியின் வேகப்பந்து வீச்சாளர். ஓடிப் பிடிப்பதில் அவருக்கு நிகர் இல்லை என்பார்கள். லங்காஷயரில் நெல்சன் என்ற சிறு நகரத்துக் கழகத்துக்காக வருடக்கணக்காக விளையாடியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியத் தொழில் அமைச்சு அவரை லிவர்பூலில் நலன்புரி அதிகாரியாக வைத்திருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து போர்க்காலத் தொழிற்சாலைகளுக்கு வந்த ஆட்களைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. அதாவது அரசாங்க உத்தியோகத்தர்.

1943 ஜூலை 30ஆம் திகதி, லோர்ட்ஸ் மைதானத்தில் ஒரு போட்டியில் விளையாட மனைவி, மகளோடு லண்டன் வந்தார். ரசல் சதுக்கத்தில் இருந்த இம்பீரியல் ஹோட்டலில் நாலு இரவுக்கு முன்கூட்டியே அறை போட்டிருந்தார். முற்பணமும் கட்டியாகிவிட்டது. தன் நிறம் ஒரு பிரச்சினையாக இருக்குமா என்றுகூட முதலிலேயே கேட்டுவைத்திருந்தார். இல்லை என்றுதான் பதில் வந்தது. அப்படிக் கேட்டுவைக்க வேண்டியிருந்ததே என்பதை நினைத்துப் பாருங்கள். நாங்களும் வேறுவிதமாக அதைத்தான் செய்கிறோம், போட்டோவில் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, பெயரைச் சுருக்கி எழுதிக்கொண்டு.

வந்து இறங்கியதும் கதை மாறியது. ஒரு இரவு மட்டும் இருக்கலாம், பிறகு போய்விட வேண்டும் என்றார்கள். ஹோட்டலில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்தார்கள், அவர்களுக்குப் பிடிக்காதாம். கொன்ஸ்டன்டைனோடு வேலை செய்த தொழில் அமைச்சு அதிகாரி ஒருவர் வந்து, இவர் பிரித்தானியப் பிரஜை, அரசாங்க ஊழியர் என்றெல்லாம் வாதாடிப் பார்த்தார். மனேஜராக இருந்த பெண் அவரிடம், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லைச் சொல்லியே மறுத்தார். கடைசியில் அதே கம்பனியின் இன்னொரு ஹோட்டலான பெட்ஃபோர்டுக்குக் குடும்பத்தோடு மாறிப் போனார் கொன்ஸ்டன்டைன். அங்கே நல்லபடிதான் கவனித்தார்கள். தங்க இடம் கிடைத்துவிட்டது, போட்டியும் விளையாடியாகிவிட்டது. எங்கள் ஆட்களாக இருந்தால் "விடுங்கோ" என்று சொல்லியிருப்போம்.

அவர் வழக்குப் போட்டார். ஆனால் நிறபேதத்தைத் தடுக்கும் சட்டம் எதுவும் அப்போது இங்கிலாந்தில் இல்லை. அவருடைய வழக்கறிஞர்கள் பிடித்தது நூற்றாண்டுகள் பழைய சத்திரச் சட்டத்தை. வழிப்போக்கரை ஏற்பதாகக் கடை திறந்து வைத்திருப்பவர், காசு கொடுக்கக்கூடிய, ஒழுங்காக வந்து நிற்கிற பயணியை, இடம் இருக்கும்போது தகுந்த காரணம் இல்லாமல் திருப்பி அனுப்ப முடியாது. குதிரை வண்டிக் காலத்துச் சட்டம். இரவில் திருடர் பயமுள்ள வீதியில் ஒருவனை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக வந்தது. 1944 ஜூன் 28இல் நீதிபதி பேர்க்கெட் தீர்ப்புச் சொன்னார். வேறு ஹோட்டலில் இடம் கொடுத்தோம், அவராக விரும்பித்தான் போனார் என்ற ஹோட்டலின் வாதம் எடுபடவில்லை. அவர் கேட்டது இம்பீரியலில் அறை, அதைத்தான் கொடுத்திருக்க வேண்டும். கொன்ஸ்டன்டைனுக்கு வெற்றி. நட்டஈடு ஐந்து கினி, அதாவது ஐந்து பவுணும் ஐந்து ஷில்லிங்கும். அவமானத்துக்காக அதற்கு மேல் கொடுக்கச் சட்டத்தில் வழியில்லை என்று நீதிபதி கருதினார்.

ஐந்து கினிக்காக ஒரு வருடம் அலைவதா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு பதிவில் ஏறியது, சட்ட மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். அதனால் மறுநாளே எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. வாடகை அறை தேடிப் போன கறுப்பினத்தவருக்கும் எங்கள் முன்னோடிகளுக்கும் அதற்குப் பிறகும் இருபது வருடம் கதவு சாத்தப்பட்டது, ஏனென்றால் வாடகை வீடு சத்திரம் இல்லை. 1965இல்தான் முதலாவது இனத்துவ உறவுகள் சட்டம் வந்து ஹோட்டல், உணவகம் போன்ற பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுத்தது. வீடும் வேலையும் 1968இல் சேர்க்கப்பட்டன. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த அமைக்கப்பட்ட சபையில் 1966இல் உறுப்பினராக உட்கார்ந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே கொன்ஸ்டன்டைன். 1969இல் பிரபுக்கள் சபைக்கும் போனார்.

இன்றைக்கு எங்களிடம் இருப்பது அவரிடம் இருந்ததைவிடப் பல மடங்கு. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சேவை வழங்குவதில் இனம், மதம், வயது, அங்கவீனம் முதலிய காரணங்களுக்காக ஒருவரை மோசமாக நடத்துவதைத் தடுக்கிறது. ஆனால் நீதிமன்றம் போவதென்றால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், எங்களவர் பலர் கோட்டை விடுவது அங்கேதான். பாகுபாடு என்று நிரூபிக்க முடியாவிட்டாலும், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் இருக்க வேண்டும். இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். 10,000 பவுண் வரையான கோரிக்கைக்கு வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை வழியில் போகலாம்.

ஆனால் சட்டத்துக்கு முன்னால் ஒரு சின்ன விசயம் இருக்கிறது: எழுத்து. இதை எனக்குச் சொன்னது அந்த ஹோட்டலிலேயே இரவு வேலை செய்த ஒரு தமிழ்ப் பெடியன். மாணவ விசாவில் வந்தவன். சித்தப்பாவை விடப் போன இரவு வாசலில் நின்று மெல்லமாகச் சொன்னான்: "அண்ணை, இஞ்ச போனிலை கதைச்சா ஒருத்தரும் எழுதி வைக்கமாட்டினம். எது நடந்தாலும் ஈமெயிலிலை கேளுங்கோ. நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

அவனைப் பற்றியும் எழுத வேண்டும். நான் 1990களில் லண்டனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் தட்டுக் கழுவியவன். எங்களில் எத்தனை பேர் அப்படித் தொடங்கினோம்! கட்டில் விரித்தோம், இரவு வாசல் காத்தோம், பெட்டி தூக்கினோம். விருந்தினர் எப்படிப்பட்டவர்கள் என்று மறுபக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுபவர்கள் உண்டு, இரண்டு பேருக்கு அறை எடுத்து ஐந்து பேர் படுப்பவர்களும் உண்டு. உண்மையைச் சொன்னால், ரைஸ் குக்கரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகிற எங்கள் ஆட்களையும் எனக்குத் தெரியும். அந்தக் காகிதம் காரணமில்லாமல் அச்சடிக்கப்படவில்லை. என் கேள்வி, ஏன் எல்லாருக்கும் கொடுக்கவில்லை என்பதுதான். அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்கள் பல இடங்களில் ஏஜென்சி ஆட்கள், ஒரு நாளைக்கு இத்தனை அறை என்ற கணக்கில் ஓடுபவர்கள். குளியலறையில் முடி கிடந்ததற்கு அவர்கள்மேல் பாய்ந்து பயனில்லை. ஆட்களைக் குறைத்து, மிச்சம் இருப்பவர்களை ஓட விடுபவர் ரிசப்ஷனில் நிற்பதில்லை.

இன்னொன்று, கொஞ்சம் விலகிப் போகிறேன். தமிழில் "ஹோட்டல்" என்றால் பாதிப்பேருக்குச் சாப்பாட்டுக்கடைதான். ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் எங்கள் சொந்த ஹோட்டல்களில் "என்ன வேணும்?" என்று முகத்தைப் பாராமல் கேட்டு, தண்ணீர்க் கோப்பையை மேசையில் அடித்து வைக்கிறார்களே, அதைப் பற்றி நாங்கள் ஒருபோதும் முறைப்பாடு எழுதுவதில்லை. அங்கே வெள்ளைக்காரர் ஒருவர் வந்துவிட்டால் முதலாளியே ஓடிவந்து கதிரை இழுத்துப் போடுகிறார். என் மகள் இதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுவும் டிஸ்கிரிமினேஷன்தானே?" என்று கேட்டாள். தோசை வந்தது, நான் பதில் சொல்லாமல் சாப்பிட்டேன்.

சரி, 120 பவுணுக்கு வருவோம். நான் எழுதிய ஈமெயில் ஆறு வரிதான். கோபச் சொல் ஒன்றும் இல்லை. மூன்று விசயம் கேட்டேன். இந்தக் கட்டணம் ஒப்பந்தத்தின் எந்த வரியில் இருக்கிறது? துப்புரவு செய்ததற்கான ரசீது எங்கே? சமைக்கக் கூடாது என்ற காகிதம் அன்றைக்கு வந்த எல்லா விருந்தினருக்கும் கொடுக்கப்பட்டதா? பதினாலு நாளுக்குள் பதில் இல்லையென்றால் கார்ட் கம்பனியிடம் போவேன் என்றும் எழுதினேன். வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ளாத கழிவைக் கார்ட் கம்பனியிடம் முறையிட்டு விசாரிக்கச் சொல்லலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. "நல்லெண்ண அடிப்படையில்" 120 பவுணும் திருப்பித் தரப்படுகிறது, அடுத்தமுறை வந்தால் பத்து வீதம் கழிவும் உண்டாம். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. மூன்றாவது கேள்வியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

சித்திக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "காசைத் தந்தது சரி. ஏன் எடுத்தவங்கள் எண்டு சொன்னவங்களோ?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்ப திரும்பக் கேள்."

மல்லுக்கட்டாதை என்று சொன்ன அதே சித்தி. இரண்டாவது ஈமெயிலில் மூன்றாவது கேள்வி மட்டும்தான் இருந்தது. அனுப்பமுதல் சித்திக்கு வாசித்துக் காட்டினேன், ஒரு கமாவை மாற்றச் சொன்னார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. சமத்துவச் சட்டத்தின் ஆறு மாதக் கெடு முடிய இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. கலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.