பாழாக்கியது காலமன்று

பாழடைந்த மடங்களைப் பற்றி எழுதுவோர் அவற்றின் அழிவைக் காலத்தின் தலையிற் சுமத்திவிட்டு அமைதியடைவது வழக்கம். இங்கிலாந்தின் யோர்க்சயரில், றிப்பன் நகருக்கு அண்மையில், ஸ்கெல் ஆற்றோரம் நிற்கும் பவுண்டன்ஸ் மடம் இவ்வகை எழுத்துக்குப் பெரிதும் இரையாகியுள்ளது. பாசி படர்ந்த தூண்களும் கூரையற்ற ஆலயமும் மாலையொளியுமே அதன் வரலாறு என்பது போலப் பேசப்படுகின்றது. காலம் கல்லைத் தேய்க்கும். கூரையின் ஈயத்தைக் கழற்றி விற்காது.

1132இல், யோர்க் நகரின் புனித மரியாள் மடத்து வாழ்வு ஒழுங்கு தளர்ந்துவிட்டதெனக் குற்றஞ்சாட்டி வெளியேறிய 13 துறவியர், பேராயர் தேர்ஸ்தன் அளித்த நிலத்திற் குடியேறினர். 1135 அளவில் சிஸ்ரேசியன் சபையோடு இணைந்தனர். வறுமையை விரதமாகக் கொண்ட இவர்களது மடமே 1535இன் கணக்கெடுப்பில் ஆண்டுக்கு 1,000 பவுணுக்கு மேல் வருமானமுடையதாய், அச்சபையின் ஆங்கில மடங்களுள் முதன்மையான செல்வ நிலையில் இருந்தது. இடையில் நிகழ்ந்தது என்ன? பக்தி நூல்கள் இறையருள் என்கின்றன. ஆட்டுமயிர் என்பதே நேர்மையான விடை. இத்தாலிய வணிகருக்கு வருங்கால ஆண்டுகளின் கம்பளியையும் முற்கூட்டியே விற்றுப் பணம் பெற்று, பின்பு மந்தைகளில் நோய் கண்டபோது கடனில் மூழ்கியவர்கள் இவர்கள்.

அக்கம்பளிக்கு உழைத்தவர் யார்? மடத்தின் மேற்குப் புறத்தே ஏறத்தாழ 90 மீற்றர் நீளமான வளைகூரை மண்டபமொன்று இன்றும் நிற்கின்றது. அதன் வடபகுதி பண்டசாலை. தென்பகுதி பணிச் சகோதரரின் உணவுக்கூடம். மேல்மாடி அவர்களது துயிலறை. இவர்கள் சத்தியப்பிரமாணம் செய்த துறவியரே. எனினும் ஏடு வைத்திருக்க அனுமதியற்றவர். சில செபங்களை மட்டும் வாய்ப்பாடமாகக் கற்கலாம். மடாதிபதியைத் தெரிவதில் இவர்களுக்குக் குரலில்லை. பாடற்குழாத்துத் துறவியராக உயரவும் இயலாது. ஒரே கூரையின் கீழ் இரு சாதியார் வாழ்ந்தனர் எனில் மிகையாகாது. பார்வையாளரோ இம்மண்டபத்தின் வளைவுகளை வியந்துவிட்டு, மடாதிபதி ஹியூபி எழுப்பிய கோபுரத்தை நோக்கி நடந்துவிடுகின்றனர்.

சிஸ்ரேசியர் தனிமையை நாடிக் காடு புகுந்தனர் என்னும் கூற்றும் முழு உண்மையன்று. தனிமை கிடைக்காத இடத்தில் அதனை உண்டாக்கிக் கொண்டனர். தமது பண்ணைகளுக்காகக் குடிகளை அகற்றியமை பதிவாகியுள்ளது. அவர்கள் காலத்திலேயே வோல்ற்றர் மாப் என்பார் ஊர்களை அழிப்போரென அவர்களை ஏளனஞ் செய்தார். அவ்வகையில், மடம் பாழாகுமுன்பே அது பாழாக்கிய ஊர்கள் உள. அவற்றைக் காணச் சுற்றுலாச் செல்வாரில்லை.

எட்டாம் ஹென்றியையே தனிக் குற்றவாளியாக்குவோர் இன்னொரு சாரார். அவனுக்கு நாம் வழக்குரைக்கவில்லை. கிளர்ச்சியில் ஈடுபட்டாரென முன்னாள் மடாதிபதி தேர்ஸ்க் 1537இல் கொல்லப்பட்டார். ஆனால் அவர்பின் பதவியேற்ற பிராட்லி 1539இல் மடத்தைக் கையளித்து, ஆண்டுக்கு 100 பவுண் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டார். 1540இல் அதனை வாங்கியவர் லண்டன் வணிகர் றிச்சட் கிறெசம். அரசன் கொள்ளையிட்டான், துறவி ஒப்பமிட்டான், வணிகன் விலை பேசினான். 1600ஐ அண்டி, மடத்துக் கற்களைக் கொண்டும் அருகே மாளிகையொன்று எழுந்தது.

பாழை 'அழகு' ஆக்கியவர் பின்னரே வந்தனர். 1720இன் தென்கடற் கம்பனி ஊழலால் மறு ஆண்டு பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நிதியமைச்சர் ஜோன் ஐஸ்லபி, அயலிலுள்ள ஸ்ரட்லியில் நீர்ப்பூங்கா அமைப்பதில் ஈடுபட்டார். அவர் மகன் வில்லியம் 1767இல் இடிபாடுகளையே வாங்கிப் பூங்காவின் முடிவுக் காட்சியாக்கினார். சிதறிய கற்கள் அப்புறப்படுத்தப்பட்டுப் புற்றரை விரிக்கப்பட்டது. இயற்கைக்காட்சி எழுத்தாளர் வில்லியம் கில்பின் இதனைக் கண்டித்தார். ஆனால் அவரை வருத்தியது பாழின் கரடுமுரடான தோற்றம் கெட்டதே! இன்று நாம் 'காலத்தின் கோலம்' என மெய்சிலிர்ப்பது ஐஸ்லபி குடும்பத்தார் சீவிச் சிங்காரித்த கோலத்தையே. 1986இல் உலக மரபுரிமைச் சின்னமாகப் பதியப்பட்டதும் பூங்காவும் பாழும் சேர்ந்தே.

பூங்காவின் உயரத்திலிருந்து மடம் திடீரெனத் தோன்றும் இடத்திற்கு ஆன் பொலினின் இருக்கை என்று பெயர். எந்த அரசியை மணப்பதற்காக ஹென்றி றோமாபுரியோடு முறித்துக்கொண்டானோ, பின்பு எவள் தலையைத் துணித்தானோ, அவள் பெயரால் அமைந்த இருக்கையிலிருந்துதான் அவன் மூடிய மடத்தைப் பார்த்து இரசிக்கின்றனர். மேற்கு மண்டபத்தில் உண்டு உறங்கியவருள் எவர் பெயரும் அப்பூங்காவின் எந்த இருக்கைக்கும் இடப்படவில்லை.