ஆக்குவோரும் பெறுவோரும்: யாழ்ப்பாணத்து மென்பொருட் சிந்தனை பற்றிய ஒரு விமரிசனம்

யாழ்ப்பாணக் குடாநாட்டை இன்னொரு சிலிக்கன் பள்ளத்தாக்கு ஆக்க வேண்டும் என்னும் குரல், 2009இல் போர் முடிவுற்றதன் பின்னர் ஓயாது ஒலித்து வருவதொன்றாகும். யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள் அதனைத் தம் இலட்சியமாகவே அறிவித்தன. இளைஞரைச் செய்நிரல் எழுதப் பழக்கியதில் இத்தகைய முயற்சிகளுக்குள்ள பங்கு பாராட்டத்தக்கது. ஆயினும், இக்குரலின் அடியில் தவறான எடுகோள் ஒன்று உறைந்து கிடக்கின்றது. செய்நிரலாளர் தொகை பெருகினால் நல்ல மென்பொருளும் தானே பெருகும் என்பதே அவ்வெடுகோள். மேசன்மார் பலர் இருப்பதனால் மட்டும் ஊரில் உறுதியான வீடுகள் எழுந்துவிடுவதில்லை. அளவறிந்து வரைபவனும், செலவறிந்து நடத்துபவனும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தனக்கு எத்தகைய வீடு வேண்டுமென்று தெரிந்த உடையவனும் வேண்டும். ஆக்கம், முகாமை, பெறுகை என்னும் மூன்றனுள் முதலாவதைப் பற்றியே பேசும் சமூகம், பிறர் விற்பதை வாங்கி ஏமாறும் சமூகமாகவே எஞ்சும்.

உலகம் இதனைப் பட்டுத் தெளிந்தது. 1968இல் மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் அறிஞர் கூடியதன் பின்னரே மென்பொருட் பொறியியல் என்ற தொடர் பரவலான வழக்குப் பெற்றது. காலம் கடந்தும் செலவு மீறியும் பிழை மலிந்தும் நின்ற வேலைத்திட்டங்களே அவர்களை அங்கு கூட்டின. ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரிய இயங்குதளம் ஒன்றின் ஆக்கத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமான வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்ற கருத்தை 1975இல் நூலாக எழுதி வெளியிட்டார். ஆட்தொகையையே மருந்தெனக் கருதுவோர் இதனை ஊன்றிப் படித்தல் நன்று. பின்னர், 1984இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருட் பொறியியல் நிறுவகம் தொடங்கப்பட்டது. அதற்கு நிதி வழங்கியவர் மென்பொருள் விற்போர் அல்லர். அதனைப் பெருந்தொகையாக வாங்கி அல்லலுற்ற பாதுகாப்புத் திணைக்களத்தினர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பெறுவோரின் அறியாமை எத்துணைக் கொடியது என்பதற்குப் பிரித்தானியத் தபாற்கந்தோரின் வரலாறு சான்றாகும். ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கு மேற்பட்ட உபதபாலதிபர்கள் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். தெற்காசிய வமிசாவளியினர் பலரும் அவருள் அடங்குவர். அம்மென்பொருளிற் பிழைகள் இருந்தமையை 2019இல் நீதிமன்றம் உறுதிசெய்தது. தீர்ப்புகளை நீக்க 2024இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. வாங்கியவர்கள் கேள்வி கேட்கத் தவறியமையால் குற்றமற்றோர் சிறை சென்றனர்.

இலங்கையின் நிலை இதனினும் ஆறுதல் தருவதன்று. 2023 ஆகஸ்ட் மாதம் அரசாங்கத்தின் மேகக் கணிமை அமைப்பு கப்பம் கோரும் தீநிரலினாற் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிப்புற்றன. மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்கப்பட முடியாது போயின. பயன்பாட்டில் இருந்தது 2013ஆம் ஆண்டின் பழைய மென்பொருட் பதிப்பு. தாக்குதலுக்கு எட்டாத தனியிடத்திற் காப்புப் பிரதி வைக்கப்பட்டிருக்கவும் இல்லை. புதுப்பிக்க வேண்டும் என்பது 2021 முதலே தெரிந்திருந்தும், நிதிக்குறைவும் தீர்மானத் தாமதமும் தடையாயின என்று பொறுப்பானோர் கூறினர். செய்நிரல் எழுதத் தெரிந்தோர் நாட்டில் இல்லாமையால் நேர்ந்த இழப்பா இது? முகாமையும் பெறுகையும் பிழைத்தமையால் நேர்ந்ததே அன்றோ?

காப்புப் பிரதியின் அருமையை யாழ்ப்பாணத்துக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. மறுபிரதியற்ற ஏட்டுச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. அந்த இழப்பின் நினைவிலேயே, 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தைத் தன்னார்வலர் கட்டியெழுப்பி வருகின்றனர். இத்தகைய வரலாற்றையுடைய சமூகத்தின் பாடசாலையோ, கூட்டுறவுச் சங்கமோ, ஆலய பரிபாலன சபையோ மென்பொருள் ஒன்றை வாங்குங்கால், பிரதி எங்கே வைக்கப்படும், அதிலிருந்து மீட்டுக் காட்டுவீர்களா என்று கேளாதிருத்தல் வரலாற்றையே மறத்தலாகும்.

தேவையை அறியாது வாங்குதல் அடுத்த கேடு. படிவந்தோறும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கின்றது. யாழ்ப்பாணத் தமிழர் பெரும்பாலோருக்கு அத்தகைய பெயர் கிடையாது. தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் நிற்கும்; மணத்தின் பின் பெண்ணின் முன்னெழுத்து கணவன் பெயருக்கு மாறுதலும் உண்டு. ஆங்கில எழுத்திலோ ஒருவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும் கடவுச்சீட்டில் வேறொருவாறும் அமையலாம். 1995இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது ஆவணங்களை இழந்தோர் எத்தனையோ பேர். நிரந்தர முகவரி என்ற ஒற்றைக் கட்டத்துள் அவர்தம் வாழ்வு அடங்குமா? இவற்றைக் கொழும்பிலோ பெங்களூரிலோ இருக்கும் பொறியியலாளர் தாமாக அறியார். கேள்விப்பத்திரம் எழுதுவோரே சொல்லவேண்டும். 1987 முதல் தமிழும் அரசகரும மொழியாயிருக்க, தமிழை இறுதியில் ஒட்டப்படும் மொழிபெயர்ப்பாக ஏற்பதும் பெறுவோரின் குற்றமே. தனித்துவ டிஜிட்டல் அடையாளத்துக்கென இந்தியாவுடன் 2022இல் உடன்படிக்கை செய்துகொண்ட நாட்டில், பெயர்க் கட்டத்தின் பிழை நாளை ஆளையே இல்லாதவராக்கும் பிழையாகலாம்.

இவையெல்லாம் செல்வந்த நாடுகளின் ஆடம்பரம் என்றும், சிறிய பிரதேச சபையொன்றால் இயலாதவை என்றும் கூறுவோர் உளர். அவர் கூற்று வலுவற்றது. கருமபீடத்தில் இருக்கும் எழுதுவினைஞரை அழைத்து அவரது வேலையைக் கேட்டு எழுதுவதற்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை. தரவு எவருக்குரியது, மூலநிரல் எவரிடம் இருக்கும், ஆக்கியவர் கடல் கடந்து சென்றுவிட்டாற் பராமரிப்பவர் யார் என்னும் மூன்று கேள்விகளை ஒப்பந்தத்திற் சேர்த்தற்கும் செலவில்லை. சோதித்து ஏற்ற பின்னரே இறுதிப் பணம் என்ற நிபந்தனை செலவைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது. வறியவனுக்கே வாங்கும்போது விழிப்பு மிகுதியும் வேண்டும்.

வள்ளுவர் தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என மூன்று அதிகாரங்கள் வகுத்தார். ஆராய்ந்து தொடங்குதல், ஆளை அறிந்து தெரிதல், தெரிந்தவரை அறிந்து நடத்துதல் என்பன அவற்றின் பொருள். மூன்றுக்கும் முன்னே தெரிதல் நிற்றல் கவனிக்கத்தக்கது. அத்தெரிதலைக் கற்பிக்கும் கடமை பல்கலைக்கழகத்துக்குரியது. கணினி பயிலும் மாணவர் இன்னொருவரின் தேவையைக் கேட்டெழுதவும், பிறர் நிரலைப் பராமரிக்கவும் பழகுதல் வேண்டும். முகாமைத்துவம் பயில்வோரும் அரச சேவை புகுவோரும் மென்பொருளைச் சோதித்து ஏற்கவும், பொருந்தாததை மறுக்கவும் கற்றல் வேண்டும். பிறருக்கு நிரல் எழுதிக்கொடுத்துக் கூலி பெறும் குடாநாடு, தன் பிறப்பையும் காணியையும் நோயையும் பதியும் மென்பொருளைக் கண்மூடி வாங்குமாயின், சிலிக்கன் பள்ளத்தாக்கு என்ற பெயரால் அதற்கு ஆகப்போவது யாதுமில்லை.