140 குதிரையும் ஒரு ஆயில் பில்லும்!

அப்பாவோட ரிட்டயர்மென்ட் பணத்துல செகண்ட்ஹேண்ட் எஸ்.யூ.வி.! "இன்ஜினீயரிங் படிக்கிறவன், நீயே பாருடா"ன்னுட்டார்.

நமக்கோ 2020-ல வந்த 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் க்ரெட்டா மேல ஒரு கண்ணு. 140 குதிரைத்திறன் மக்கா! ஆனா, புரோக்கர் காட்டினது வேற கம்பெனி வண்டி. பானெட்டைத் தொட்டா சூடு. நாம போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டாராம்.

கூட வந்த மெக்கானிக் அண்ணன், "நாளைக்குக் காலையில சொல்லாம வருவோம் தம்பி"ன்னு கிசுகிசுத்தார். போனோம். ஆறிக் கிடந்த இன்ஜினைக் கிளப்பினா... குபுகுபுன்னு நீலப்புகை! ஆயில் எரியுதுன்னு அர்த்தம். டர்போ சுத்துற வேகத்துக்கு நல்ல ஆயில்தான் உயிர். சர்வீஸ் புக்லயோ ரெண்டு வருஷம் வெறும் பக்கம்!

அட்வான்ஸ் கவரோட திரும்பிட்டோம். "அடுத்த வண்டி எத்தனை குதிரைடா?"ன்னார் அப்பா.

"முதல்ல ஆயில் மாத்தின பில்லைக் கேட்போம்ப்பா!"