நாய் சிரிக்காத விளையாட்டுக்கே முதலிடம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் 'செயற்கை நுண்ணறிவு', 'இளைஞனே விழித்தெழு' என்று நல்ல தலைப்பையெல்லாம் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மிஞ்சியது டிவி கேம். ஆமாம், மஞ்சள் கேசட்டைச் சொருகி விளையாடுவோமே, அதேதான். அந்த மிஷின் முதன்முதலில் வெளிவந்தபோது கூடவே வந்த விளையாட்டுகளுக்கு ரேங்க் போடப் போகிறேன். 'ஃபைனல் இயர் படிக்கிறவன் எழுதுற விஷயமாடா இது' என்று நினைக்கிறவர்கள் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் உளுந்தூர்பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். 2006-ல் ஆரம்பித்த இலவசக் கலர் டிவி திட்டத்தில் எங்களுக்கும் ஒரு சின்ன டிவி கிடைத்தது. எனக்கு எட்டு வயசு இருக்கும்போது கூவாகம் திருவிழாக் கடையில் மாமா 450 ரூபாய்க்கு ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். ரெண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, ஒரு கேசட். கேசட் மேல் 99999 விளையாட்டு என்று அச்சடித்திருந்தது. நானும் அக்காவும் நோட்டு வைத்து எண்ணினோம். நாற்பதுக்கு மேல் போனதும் பழைய விளையாட்டே வேறு பேரில் திரும்ப வந்தது. அதற்காக நாங்கள் வருத்தப்படவில்லை.

அது ஒரு டூப்ளிகேட் பெட்டி என்பது பாலிடெக்னிக் வந்த பிறகுதான் தெரிந்தது. அசல், ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ கம்பெனியுடையது. 1983 ஜூலை 15-ல் 'ஃபாமிகாம்' என்ற பேரில் ஜப்பானில் வந்தது. அன்றைக்குக் கூட வந்தவை மூன்றே மூன்று: டாங்கி காங், டாங்கி காங் ஜூனியர், பாப்பாய். அதே மிஷின் 1985 அக்டோபரில் நிண்டெண்டோ எண்டர்டெயின்மென்ட் சிஸ்டம் என்ற பேரில் நியூயார்க் கடைகளுக்குப் போனது. அப்போது கூடப் போனவை பதினேழு என்று பொதுவாகப் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பதினேழில் பாதிக்கு மேல் எங்கள் மஞ்சள் கேசட்டில் இருந்தது! அமெரிக்கப் பிள்ளைகள் டாலர் கொடுத்துத் தனித்தனியாக வாங்கியதை, கூவாகம் கடையில் மொத்தமாக வாங்கி வந்திருக்கிறோம்.

'காண்ட்ரா எங்கேப்பா?' என்று கேட்பீர்கள். அது 1988-ல் வந்தது. டேங்க் கேம் என்று நாம் சொல்லும் பேட்டில் சிட்டி, ஜப்பானில் மட்டும் வெளியானது. ரெண்டும் இந்தப் பட்டியலில் சேராது.

போன ஆயுத பூஜை லீவில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவர்கள் வீட்டு இலவச டிவி இன்னும் ஓடுகிறது. பரணில் கிடந்த எங்கள் பெட்டியை எடுத்துப்போய் மாட்டி, ரெண்டு நாள் எல்லாவற்றையும் மறுபடி ஆடினேன். படம் எப்படி, சத்தம் எப்படி என்று நான் மார்க் போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான்: இங்கிலீஷும் தெரியாமல், சொல்லித் தர ஆளும் இல்லாமல் உட்காருகிற ஒருவனை, முதல் ஒரு நிமிஷத்தில் இந்த விளையாட்டு எப்படி நடத்துகிறது?

ஏழாவது இடம்: பேஸ்பால். நாங்கள் இதைக் கிரிக்கெட் என்றே நினைத்தோம். பந்து வருது, அடிக்கிறோம், அப்புறம் எந்தப் பக்கம் ஓடுவது, ஏன் அவுட் என்று தெரியாது. அமெரிக்காவில் விதி தெரிந்தவனுக்கு இது நல்ல விளையாட்டாக இருக்கலாம். விதியை வீட்டிலேயே கற்றுக்கொண்டு வா என்று சொல்கிற வாத்தியார் மாதிரி இது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த விதி தெரியாதே!

ஆறாவது: க்ளூ க்ளூ லேண்ட். ஒரு உருண்டை மீன் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். கம்பத்தைக் கையால் பிடித்துச் சுற்றித்தான் திரும்ப முடியும். வழியெல்லாம் தங்கக் கட்டி மறைந்திருக்கும். எல்லாம் வெளிப்பட்டால் ஒரு படம் தெரியும். பிடிபட்டுவிட்டால் அருமையான விளையாட்டு. ஆனால் பிடிபடுவதற்குள் பத்துப் பேரில் ஒன்பது பேர் ரீசெட் அமுக்கிவிடுவார்கள். நானும் அமுக்கினேன்.

ஐந்தாவது: கங்ஃபூ. ஐந்து மாடி, மாடிக்கு ஒரு தலைவன், மேலே கட்டிப்போட்ட பெண். ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற ஆட்களை உதறித் தள்ள வேண்டும். என்ன செய்யணும் என்பது பத்து நொடியில் புரியும். புரிந்த பிறகு புதிதாகக் கற்க அதிகம் இல்லை. நம் ஊர் சண்டைப் படம் மாதிரி, பார்க்கும்வரை ஜாலி.

நான்காவது: ஐஸ் கிளைம்பர். ரெண்டு பேர் சுத்தியலால் மேலே உள்ள பனியை உடைத்து உடைத்து மலை ஏற வேண்டும். மொத்தம் 32 மலை. உச்சியில் கத்தரிக்காய் மாதிரி காய்கறி எடுத்தால் பாயிண்ட். கத்தரிக்காய்க்காக எதுக்குடா மலை ஏறணும் என்று அக்கா கேட்பாள். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஒருவன் வேகமாக ஏறினால் திரை மேலே நகரும். கீழே நிற்பவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துப்போவான். நான் எப்போதும் வேகமாக ஏறுவேன். அக்கா செத்துப்போவாள். அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது. பத்தாவதோடு அக்கா படிப்பை நிறுத்திவிட்டு, என்னை இங்கே சேர்த்தார்கள். இப்போது அந்த விளையாட்டை ஆடும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது: எக்ஸைட்பைக். மோட்டார் சைக்கிள் ரேஸ். ஏ பட்டன் சாதாரண வேகம், பி பட்டன் அதிவேகம். பி-யை விடாமல் அமுக்கினால் இன்ஜின் சூடாகி வண்டி ஓரமாக நின்றுவிடும். ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். கீழே ஏறிக்கொண்டே போகிற கோட்டைக் காட்டி, "டேய், வண்டி சூடாவுது பாரு, ஆக்சிலேட்டர வுடு!" என்றார். அப்பாவுக்கு ஒரு இங்கிலீஷ் எழுத்தும் தெரியாது. ஆனால் டிராக்டர் ரேடியேட்டர் தெரியும். அவருக்குத் தெரிந்ததை வைத்தே அந்த விளையாட்டு அவரை உள்ளே கூப்பிட்டது. இதைவிடப் பெரிய பாராட்டு என்ன வேண்டும்? ஓட்டும் பாதையை நாமே போடும் வசதியும் உண்டு. ஆனால் அதைச் சேமித்து வைக்கும் டேப் ரெக்கார்டர் ஜப்பானில் மட்டுமே விற்றது. கரண்ட் போனால் பாதையும் போச்சு. அதனால் மூன்றாம் இடம்.

இரண்டாவது: டக் ஹன்ட். எட்டு வயசில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதற்குத்தான் முதலிடம் கொடுத்திருப்பேன். துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் வெளியே போகிறது என்று நினைத்தோம். விஷயம் தலைகீழ்! துப்பாக்கிக்குள் இருப்பது நாம் படித்த போட்டோடயோடு. அது எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை இழுத்ததும் ஒரே ஒரு ஃபிரேம் திரை முழுக்கக் கறுப்பாகும். அடுத்த ஃபிரேமில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். கறுப்புக்கு அடுத்து வெளிச்சம் தெரிந்தால் குண்டு பட்டது என்று கணக்கு. நம் பழைய டியூப் டிவியில் படம் உடனுக்குடன் வரையப்படும். எல்.இ.டி. டிவியில் படம் சற்றுத் தாமதித்து வரும், கணக்கு தப்பிவிடும். வீட்டில் புது டிவி வந்த அன்றைக்கு எங்கள் துப்பாக்கி ஏன் செத்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

இவ்வளவு அருமையான எலக்ட்ரானிக்ஸ் இருந்தும் ஏன் இரண்டாம் இடம்? அந்த நாய்தான் காரணம். வாத்து தப்பித்துவிட்டால் புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். கற்றுக்கொள்கிறவன் தோற்கும்போது சிரிக்கிறது. என் ரேங்கில் அதற்கு மைனஸ் மார்க்.

முதலிடம்: சூப்பர் மரியோ பிரதர்ஸ். இது தெரிந்த முடிவுதானே என்பீர்கள். காரணம் வேறு. ஜப்பானில் 1985 செப்டம்பர் 13-ல் வந்தது. முழு விளையாட்டும் 40 கிலோபைட். நமக்கு வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கம் படம்கூட அதைவிடப் பெரிசு. இடத்தை மிச்சம் பிடிக்க மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவத்தைப் போட்டு, நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மிஷினின் ரேம் 2 கிலோபைட். நம் லேபில் உள்ள 8051-க்குள் இருக்கும் 128 பைட்டைவிடப் பதினாறு மடங்கு, அவ்வளவுதான்.

அந்தச் சின்ன இடத்தில் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் ஒரு பள்ளிக்கூடமே கட்டியிருக்கிறார்கள். முதல் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். மரியோ இடது ஓரம் நிற்பான், வலது பக்கம் காலி. எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் எதிரி மெதுவாக நடந்து வரும். இடித்துச் செத்தால், சில நொடியில் மறுபடி அதே இடம். ஏன் செத்தோம் என்றும் தெரிந்துவிடும். அடுத்து கேள்விக்குறிப் பெட்டியிலிருந்து காளான் வரும். அது வலது பக்கம் போய், குழாயில் முட்டி, நம்மிடமே திரும்பி வரும். பயந்து குதித்தாலும் தலைக்கு மேல் செங்கல் இருப்பதால் பெரும்பாலும் அது நம்மேல் பட்டுவிடும். பட்டதும் மரியோ பெரிசாகிவிடுவான். அப்போ இது நல்லது!

எனக்கு ரொம்பப் பிடித்தது அதே கட்டத்தின் கடைசியில் வரும் படிக்கட்டுகள். முதல் ஜோடிப் படிகளுக்கு நடுவே பள்ளம், கீழே தரை இருக்கும். விழுந்தாலும் சாக மாட்டோம், ஏறி மறுபடி தாண்டிப் பார்க்கலாம். அடுத்த ஜோடிக்கு நடுவிலும் பள்ளம், ஆனால் கீழே தரை கிடையாது. முதலில் விழுந்து பழக விட்டுவிட்டு, அப்புறம்தான் உண்மையான பள்ளத்தைக் காட்டுகிறார்கள். சிரிக்க நாயும் இல்லை. முழுசையும் ஒரு வார்த்தை பேசாமல் சொல்லித் தந்துவிட்டார்கள்.

நண்பர்களே, இதை எழுத வைத்த சம்பவத்தைச் சொல்கிறேன். ஃபர்ஸ்ட் இயரில் முதல் லேப் அன்று 'புரோபை கிரவுண்ட் பண்ணு' என்று சொன்னார்கள். தமிழ் மீடியத்திலிருந்து வந்த நான், புரோபைத் தரையில் வைத்தேன். பேட்ச் முழுக்கச் சிரித்தது. அன்று ராத்திரி அம்மாவிடம் படிப்பு வேண்டாம் என்றேன். "போய்ட்டு வாடா, நாளைக்கும் சிரிச்சா வந்து சொல்லு" என்றாள். மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் நல்லவன். இந்த வருஷம் ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி லேபில் என்னிடம், "அண்ணே, பிரெட்போர்டுன்னா பிரெட்டுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்று கேட்டான். நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தேன். அவன் அப்புறம் என்னிடம் எதுவும் கேட்கவே இல்லை. பிறகு தேடிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் ரேடியோ செய்து பழகியவர்கள், வீட்டில் ரொட்டி வெட்டும் பலகையில் ஆணி அடித்து சர்க்யூட் கட்டினார்களாம். அதுதான் அந்தப் பேர். அவன் கேட்டது அசல் கேள்வி. மூன்று வருஷம் படித்த எனக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. புல்லுக்குள்ளிருந்து எழுந்து சிரித்த நாய் நானே.

'இங்கிலீஷ் கத்துக்கத்தானே வேணும், எவ்வளவு நாள் தாலாட்டுவது?' என்று சிலர் கேட்கிறார்கள். கற்கத்தான் வேண்டும். மரியோ ஒன்றும் சுலபமான விளையாட்டு இல்லை. மொத்தம் 32 கட்டம், எட்டாம் உலகத்தைத் தாண்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்? கடைசிக் கட்டம் கஷ்டமாகவே இருக்கட்டும். முதல் நிமிஷம் மட்டும் ஒருவனைத் துரத்தியடிக்காமல் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

ஆகவே மாணவர் பேரவைக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று: அடுத்து வரும் ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு லேப் மேஜையிலும் ஒரு அட்டை ஒட்டுவோம். கருவியின் பேர், அது என்ன செய்யும் என்று தமிழில் நாலு வரி போதும். எழுதித் தர நான் தயார். இரண்டு: பழைய ரெசிஸ்டர், எல்.இ.டி. எல்லாம் போட்டு 'எரித்துப் பழக' என்று ஒரு டப்பா வைப்போம். கீழே தரை உள்ள பள்ளம் அதுதான். மூன்று: முதல் மாதம் ஒவ்வொரு லேபிலும் ஒரு சீனியர் கூடவே நிற்கட்டும், சிரிக்காமல்.

அந்தத் தம்பியிடம் போய் ரொட்டிப் பலகைக் கதையைச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "அப்ப நான் கேட்டது தப்பில்லையாண்ணே?" என்றான். இல்லடா என்றேன். உடனே அடுத்த கேள்வியைக் கேட்டான். அதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. ரெண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

— இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை