காவலுக்கு வந்த கீரி

தியானத்திற்கு: மத்தேயு 13:24-30



கரீபியன் கடலில் செயின்ட் ஜான் என்றொரு சிறிய தீவு உண்டு. அது அமெரிக்காவுக்கு உட்பட்ட விர்ஜின் தீவுகளில் ஒன்று. லாரன்ஸ் ராக்கஃபெல்லர் என்னும் செல்வந்தர் அங்கே 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நன்கொடையாக அளிக்க, 1956-ஆம் ஆண்டு அது தேசியப் பூங்காவாயிற்று. இன்று தீவின் பாதிக்கும் மேலான பரப்பு பூங்காவே.

அதன் கரையோரம் தேவனுடைய கைவேலைகளால் நிறைந்திருக்கிறது. மாஹோ விரிகுடாவில் பச்சை ஆமைகள், ஆடுகள் மேய்வதுபோலக் கடற்புல்லை மேய்கின்றன. கூழைக்கடாக்கள் உயரத்திலிருந்து பாய்ந்து மீன் பிடிக்கின்றன. தரைவாழ் பாலூட்டிகளில் அத்தீவுக்கே உரியவை வௌவால்கள் மாத்திரமே. ஆயினும் பகலில் நடந்து செல்வோரின் கண்ணில் அடிக்கடி படுவது கீரி! அதன் பூர்வீகமோ நம்முடைய இந்திய தேசம்.

அது அங்கே சென்றது எப்படி? ஒரு காலத்தில் அத்தீவு டென்மார்க் அரசருக்குச் சொந்தமாயிருந்தது. சீகன்பால்க் ஐயர் 1706-ல் வந்திறங்கிய தரங்கம்பாடியும் அதே அரசரின் கொடியின் கீழ்தான் இருந்தது. செயின்ட் ஜானின் கரும்புத் தோட்டங்கள் அடிமைகளின் கண்ணீரால் விளைந்தவை. 1848-லேதான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

கரும்பை எலிகள் தின்று அழித்தன. ஜமைக்காவின் தோட்டக்காரர் ஒருவர் 1872-ல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்தார். தொடக்கத்தில் பலன் கிடைத்ததுபோல் தோன்றவே, மற்றத் தீவுகளும் கீரியை நாடின. 1880-களில் விர்ஜின் தீவுகளுக்கும் அது வந்து சேர்ந்தது.

ஆனால் எலி ஒழியவில்லை. கீரி பகலில் வேட்டையாடி இரவில் உறங்கும்; எலியோ இரவில் நடமாடும். அன்றியும் எலி மரத்தில் ஏறிக் கூடு கட்டிக்கொண்டது. கீரியோ பெரும்பாலும் தரையிலேயே திரிவது. காவலன் விழித்திருந்த வேளையில் திருடன் வரவில்லை. திருடன் வந்த வேளையில் காவலன் விழித்திருக்கவில்லை.

பசித்த கீரி வேறு இரை தேடிற்று. தரையில் கூடு கட்டும் பறவைகளும் பல்லியினங்களும் அதற்கு இரையாயின. அழிவின் விளிம்பில் நிற்கும் அழுங்காமை இரவில் கரையேறி, மணலில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். அவை பொரிக்க ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆகும். அதற்குள் கீரி தோண்டித் தின்றுவிடுகிறது. உதவிக்கு அழைக்கப்பட்டதையே பொறி வைத்துப் பிடிக்கவேண்டிய நிலை வந்தது.

இதில் கீரியின் குற்றம் ஒன்றுமில்லை. கர்த்தர் கொடுத்த சுபாவத்தின்படியே அது நடந்தது. தவறு, அதைக் கொண்டுவந்த மனுஷனுடையது.

பிரியமானவர்களே, எங்கள் வீட்டுக்கும் ஒரு கீரி வந்தது. நானும் மனைவியும் வேலைக்குச் செல்கிறவர்கள். பள்ளி முடிந்து தனியே வீடு திரும்பும் மகனின் பாதுகாப்புக்கென்று கைப்பேசி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பகலில் அது உதவியாகத்தான் இருந்தது. ஓர் இரவு இரண்டு மணிக்கு அவன் போர்வைக்குள் வெளிச்சம் கண்டேன். கோபத்தோடு பிடுங்கினேன். அவன் அழுதுகொண்டே, "அப்பா, நீங்கள் வரும்போது நான் தூங்கிவிடுகிறேன், நான் யாரோடு பேசுவேன்?" என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மனுஷர் உறங்குகையில் சத்துரு வந்து களைகளை விதைத்தான் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமை அன்றிரவு எனக்குப் புரிந்தது. பட்டணத்தில் பிழைக்க வந்த நாம், கதவுக்குப் பூட்டும் வாசலுக்குக் காவலாளியும் படிப்புக்கு டியூஷனும் வைத்திருக்கிறோம். ஆனால் பிள்ளையின் உள்ளத்துக்கு யார் காவல்? தகப்பனும் தாயும் செய்யவேண்டிய ஊழியத்தை, வாங்கி வைத்த பொருள் செய்யாது.

இப்போது வாரத்தில் நான்கு நாட்களாவது மிகைநேர வேலையைத் தவிர்த்துவிடுகிறேன். வருமானம் குறைந்தது உண்மைதான். இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசிகள் மூன்றும் அலமாரிக்குச் செல்லும். வேதாகமம் கைக்கு வரும். ஜெபத்துக்கு முன் மகன் பேசுவான், நாங்கள் கேட்போம்.

உங்கள் வீட்டில் எதைக் காவலுக்கு வைத்திருக்கிறீர்கள்? அது எந்த வேளையில் விழித்திருக்கிறது?

ஜெபம்: உறங்காத எங்கள் தகப்பனே, எங்கள் பிள்ளைகளுக்காக விழித்திருக்க எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.